சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி

நாற்காலி கெட்டுப்போயிருக்கிறது என்று அந்தப் பல் டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். மாமனாருக்கு உடம்பு சரியில்லை, கரண்ட் இல்லை, நாளைக்கு வெளிநாடு போகிறேன் என்று எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் நான் பதினான்கு வருடமாகப் பல் ஆஸ்பத்திரி நாற்காலிகளையும், கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவ் இயந்திரங்களையும் ரிப்பேர் செய்கிறவன்.

எனக்கு முன்னால் போன ஆள் அந்த நாற்காலியில் படுத்து, எழுந்து, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அதற்குப் பிறகுதான் நான் என் கடிதத்தை நீட்டினேன். டாக்டர் படித்தார். எச்.ஐ.வி. என்ற இடத்தில் கண் நின்றது. அந்த நொடியில் நாற்காலி கெட்டது. கடிதம் படித்துப் பழுதாகும் நாற்காலியை என் சர்வீஸில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"ஹைட்ராலிக் போயிடுச்சு. ஏறாது, இறங்காது," என்றார்.

அது ஹைட்ராலிக் நாற்காலியே இல்லை. மோட்டாரில் ஓடுவது. அடியில் இரண்டு மோட்டார், ஒன்று தூக்குவதற்கு, இன்னொன்று சாய்ப்பதற்கு. எண்ணெயில் ஓடும் பழைய நாற்காலி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். இது சத்தமே இல்லாமல் ஏறும். இந்த வித்தியாசத்தை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். பையில் ஸ்குரூடிரைவர் இருக்கிறது, பார்த்துத் தரட்டுமா என்றும் கேட்டேன். நல்லெண்ணத்தில்தான் கேட்டேன். ஏசி அறையில் அவர் ஏன் அப்படி வேர்த்தார் என்று தெரியவில்லை.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து பதினோரு வருடம் ஆகிறது. எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நாற்காலி எப்படிக் கெட்டது என்று கேட்டால் மட்டும் விவரமாகச் சொல்வேன். தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை, இயந்திரம் தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் கீழே போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆக, எனக்கு என் கிருமியால் தொந்தரவு இல்லை. தொந்தரவு கீழ்த்தாடையில் இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லால்.

மாத்திரை டாக்டர் என்று நான் சொல்வது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பார்க்கும் எச்.ஐ.வி. டாக்டர் அம்மாவை. அவர் முதலில் பார்ப்பது ரத்த ரிப்போர்ட்டை அல்ல, வாயை. டார்ச் அடித்து, நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், ஈறின் ஓரம் என்று, காலி செய்கிறவரின் வீட்டை வீட்டுக்காரர் சோதிப்பதுபோல் சோதிப்பார். அதற்குக் காரணம் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சரியும்போது பல பேருக்குச் சேதி முதலில் வருவது வாயில்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. நாக்கில் தயிர் தெளித்ததுபோல் வெள்ளையாகப் பூஞ்சை. ஏதோ வயிற்றுச் சூடு என்று ஒன்றரை வருடம் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் விளக்கைத் துடைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற நான், என் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பூஞ்சை இல்லை. எச்சில் போதவில்லை, அவ்வளவுதான். எச்சிலை யாரும் மதிப்பதில்லை. துப்புவதற்கென்றே அது இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அதுபோல ஓர் ஏற்பாட்டை எந்தக் கம்பெனியும் இதுவரை செய்ததில்லை. காதுக்கு முன்னால் இரண்டு, தாடைக்கு அடியில் இரண்டு, நாக்கின் கீழ் இரண்டு என்று ஆறு பெரிய பம்புகள். சாப்பிட்டதும் பல்லைக் கழுவும். பல்லில் ஊறும் அமிலத்தை முறிக்கும். அமிலம் அரித்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பூசும். துப்புரவு, காவல், கொத்துவேலை எல்லாம் ஒரே ஆள். இந்தக் கிருமியும் சில மருந்துகளும் அந்தப் பம்புகளின் வேகத்தைக் குறைத்துவிடும். கழுவ ஆள் வராத பாத்திரம் என்ன ஆகுமோ, பல்லும் அதுதான் ஆகும்.

என் பல்லைப் பார்த்த மாத்திரை டாக்டர், சீக்கிரம் வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம், ஒரு மாதம் இழுத்தால் சீழ் வைத்துப் பிடுங்க வேண்டி வரும் என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் சாப்பிடும் மாத்திரையோடு ஒத்துப்போகாத மயக்க மருந்துகள் எவை என்பதும் அதில் இருந்தது. அதனால்தான் கடிதத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் நோயைச் சொல்வது பல் டாக்டரின் பாதுகாப்புக்காக அல்ல. அவருடைய தொழில் விதியே, வாயைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் எல்லா நோயும் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதுதான். தெரிந்து சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர். தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் எத்தனை பேரோ. ஆகவே கையுறை, முகமூடி, ஆட்டோக்ளேவ் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. நான் சொல்வது என் பாதுகாப்புக்காக, தப்பான மருந்தைக் கொடுத்துவிடாமல் இருக்க. ஆனால் சொன்ன மாத்திரத்தில் அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளம்பிவிடுகிறார்கள்.

வீட்டில் அக்காவுக்கு எல்லாம் தெரியும். முதல் வருடம் என் தட்டைத் தனியாக வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில், தட்டில் இருந்த பூவெல்லாம் உதிர்ந்துபோயிற்று. ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் என் தட்டில் இருந்த முறுகலான மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அன்றோடு பிளீச்சிங் நின்றது. என் தட்டில் நல்ல துண்டு எதுவும் தங்காமல் போனதும் அன்றிலிருந்துதான்.

நாற்காலி கெட்ட கதையைச் சொன்னதும் அக்கா அரிசியைக் கழுவிக்கொண்டே, "ஊர்ல இருக்கிற பல் டாக்டருக்கெல்லாம் நீ நாற்காலி தூக்கிவிடுற. உன் பல்லப் பாக்க ஒரு நாதியில்ல," என்றாள்.

"அது அப்படி இல்லக்கா. அந்த டாக்டரோட மோட்டார்…"

"ஆரம்பிச்சிடாத. மோட்டார், எச்சில் பம்புன்னு ஏதாவது பேசுனே, சோறு கிடையாது. உனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போ."

தெரிந்த டாக்டர்கள்தான் பிரச்சினையே. இந்த ஊரில் முப்பத்தெட்டுப் பல் ஆஸ்பத்திரிகளுக்கு எங்கள் கம்பெனியின் இயந்திரம். முப்பத்தெட்டுக்கும் மெக்கானிக் நான் ஒருவன். கருவிகளைச் சுத்தம் செய்கிற இயந்திரத்துக்குள் கைவிடுகிறவனுக்கு இந்த நோய் என்று ஓர் இடத்தில் தெரிந்தால், மறுநாள் முப்பத்தேழு இடத்தில் தெரியும். அதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்? ஆக, பல் வேண்டுமா வேலை வேண்டுமா என்று வந்து நின்றது. இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியில் சிரிப்பு டாக்டரிடம் போனேன். அவர் ஆஸ்பத்திரி போர்டில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு வாய் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். ஆறு வருடமாக என்னை "வாடா தம்பி" என்றுதான் கூப்பிடுவார். இந்த ஆஸ்பத்திரிக்கு நான் கை, நீ கால் என்று தோளில் கைபோட்டுச் சொல்வார். அன்று இயந்திரத்துக்காக இல்லாமல் பல்லுக்காக வந்திருக்கிறேன் என்றதும் சந்தோஷமாகப் படிவத்தை நீட்டினார். பதினேழு நோய்கள், பக்கத்தில் ஆம், இல்லை என்று கட்டங்கள். பதினோராவது நோய்க்கு ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

படித்து முடித்து, "உட்காருங்க," என்றார்.

ஆறு வருடத்தில் முதல் 'ங்க'. அதோடு நிற்கவில்லை. 'சொல்லுங்க' வந்தது, 'பாருங்க' வந்தது. மரியாதை ஏற ஏற, அவர் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது.

ஆனால் அவர் மறுக்கவில்லை. அவர் நல்ல மனிதர். அதை அவரே இரண்டு முறை சொன்னார். அடுத்த சனிக்கிழமை, எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாக வர வேண்டும். எனக்கென்று தனிக் கருவிப் பெட்டி, சிவப்பு டேப் ஒட்டி. அதை ஆட்டோக்ளேவில் இரண்டு முறை ஓட்டுவார்கள். இயந்திரம் அச்சடித்துக் கொடுக்கும் சீட்டை ஃபைலில் ஒட்டி வைத்துக்கொள்வார். நர்ஸிடம் என் பெயரைச் சொல்ல மாட்டார், ஸ்பெஷல் கேஸ் என்று மட்டும் சொல்வார். இந்தக் கடைசிச் சலுகையைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

நான் பொறுமையாக விளக்கினேன். ஆட்டோக்ளேவ் கொல்ல வேண்டிய கிருமிகளின் வரிசையில் என் கிருமி ஒரு நோஞ்சான். சூடு ஏறும்போதே செத்துவிடும். மஞ்சள் காமாலைக் கிருமி அதைவிட முரடு. மண்ணில் இருக்கும் சில பாக்டீரியா விதைகள் எல்லாவற்றையும்விட முரடு. அவற்றைக் கொல்லத்தான் நூற்று முப்பத்துநான்கு டிகிரி. அவற்றுக்கு ஒரு முறை ஓட்டினால் போதும், என் கிருமிக்கு இரண்டு முறை என்பது எறும்பை அடிக்க இரண்டு லாரி அனுப்புவது மாதிரி. சோப்புப் போட்டுக் கழுவி, சூட்டில் ஏற்றினால் தொற்றும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுகூட இல்லை.

"புத்தகத்துல எல்லாம் சரிதாங்க. நாங்க பிராக்டிகலாப் பாக்கணும்ல?" என்றார்.

பல் வலித்தது. சரி என்றேன்.

மறுநாள் மானேஜர் போன் செய்தார். எங்கள் மானேஜர் அதிகம் பேசாதவர். பேசினால் வயிறு எரிகிறது என்று மாத்திரை போட்டுக்கொள்வார். சிரிப்பு டாக்டர் ஆஸ்பத்திரியில் இனி வேறு மெக்கானிக் வேண்டும் என்கிறார்களாம், அங்கே என்ன செய்தாய் என்று கேட்டார். ரொம்பப் பேசிவிட்டேன் போல என்றேன். அது புது விஷயம் இல்லையே என்று சந்தேகத்தோடு போனை வைத்தார். எனக்கு அன்று ராத்திரி பல்லைவிட இதுதான் வலித்தது. அடுத்த மெக்கானிக் பக்கத்து ஊரில் இருக்கிறான். கூப்பிட்டால் வர நான்கு நாள் ஆகும்.

அந்த நான்கு நாளைத்தான் நர்ஸால் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன். சேர்ந்து மூன்று வாரம் ஆன பெண், என்னை மெஷின் அண்ணா என்று கூப்பிடுவாள்.

"அண்ணா, கம்பெனிக்குப் போன் பண்ணா நாலு நாள்ங்கறாங்க. நாளைக்கு ஒரு பயங்கரமான கேஸ் வருது. அந்தப் பெட்டிய ரெண்டு தடவ ஓட்டச் சொல்லியிருக்காரு டாக்டர். மெஷின் சரியில்ல. நீங்க வந்து பாத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

பயங்கரமான கேஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. என்னிடமிருந்து அந்த ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற வேண்டிய இயந்திரத்தை நானே போய்ச் சரிசெய்ய வேண்டும். இப்படி ஒரு சர்வீஸ் கால் எந்த மெக்கானிக்குக்கும் வந்திருக்காது.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கருவி அறை சின்னது. ஒரு பக்கம் தொட்டி, ஒரு பக்கம் ஆட்டோக்ளேவ், நடுவில் ஒரு ஆள் திரும்பும் அளவுக்கு இடம். மேசைமேல் சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி தனியாக, ஒரு துணி விரித்து அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். சீட்டில் ஃபெயில் என்று அடித்திருக்கிறது என்றாள்.

"இதுக்கு முன்னாடி அப்படி அடிச்சதில்லையா?"

"தெரியலண்ணா. இதுக்கு முன்னாடி சீட்ட யாரு படிச்சா? இந்தக் கேஸுக்குத்தான் டாக்டர் சீட்டு வேணும்னாரு."

மற்றவர்களுக்கு எப்படி ஓட்டுவாள் என்று காட்டச் சொன்னேன். காட்டினாள். கருவிகளை வைத்தாள், கதவைச் சாத்தினாள், பொத்தானை அழுத்தினாள். நீர் ஏறியது, சூடு ஏறியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினெட்டு. அங்கேயே நின்றது. கதவோரத்தில், ஆள் மூக்கால் மூச்சு விடுவதுபோல் மெல்ல ஒரு 'உஸ்'. பிறகு இயந்திரம் ஐந்து முறை கத்தியது.

"முடிஞ்சிடுச்சுண்ணா," என்றாள். கதவு கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும், இந்தப் பொத்தானை மூன்று செகண்ட் அமுக்கினால் திறக்கும் என்று அமுக்கித் திறந்தாள். கருவிப் பொட்டலத்தின்மேல் ஒட்டியிருந்த, சூடு பட்டால் கோடு கறுக்கும் டேப்பைப் பெருமையாகக் காட்டினாள். அதன் கோடுகள் கறுத்திருந்தன.

நான் இயந்திரத்தின் ஸ்விட்சை அணைத்தேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஆட்டோக்ளேவ் என்பது பிரஷர் குக்கரின் படித்த அண்ணன். நீராவியை அடைத்து வைத்து அழுத்தம் ஏற்றினால்தான் சூடு நூறைத் தாண்டி நூற்று முப்பத்துநான்குக்குப் போகும். அடைத்து வைப்பது கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். அது கிழிந்தால் நீராவி கசியும், அழுத்தம் ஏறாது, சூடு ஏறாது. இயந்திரம் கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு, என்னால் முடியவில்லை என்று ஐந்து முறை கத்தும். வேலை முடிந்தால் மூன்று முறைதான் கத்தும். இங்கே இதற்கு முன் இருந்த பழைய இயந்திரம், முடிந்ததும் ஐந்து முறை கத்துகிற ஜாதி. வேலையை விட்டுப் போன பழைய நர்ஸ், போகிற போக்கில் இவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கதவு திறக்காதது பிடிவாதம் அல்ல. உள்ளே இருப்பது சுத்தமாகவில்லை, எடுக்காதே என்று இயந்திரம் கதவைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பொத்தானை அமுக்குவது, தடுக்கிற காவல்காரன் கையை முறுக்குவது. டேப் கறுத்தது? வெயிலில் நின்றவனெல்லாம் கறுப்பான். அதனால் அவன் வேலை செய்தான் என்று ஆகிவிடுமா?

"பழைய சீட்டெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

இழுப்பறையைத் திறந்தாள். எல்லாம் இருந்தன, நாள்வாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு. சீட்டுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பின்னோக்கிப் புரட்டினேன். ஃபெயில், ஃபெயில், ஃபெயில். பத்தொன்பது நாள். அதற்கு முந்தின சீட்டில்தான் பாஸ் என்று இருந்தது.

நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. வளையத்தைக் கழற்றிக் காட்டினேன். அடியில் விரற்கடை நீளத்துக்குக் கிழிசல். பளபளப்பாக இருக்க வேண்டும் என்று பாத்திரம் தேய்க்கும் கம்பியால் தேய்த்திருக்கிறார்கள். இந்தப் பத்தொன்பது நாளில் வந்த எல்லோருக்கும் இந்தக் கருவிகள்தான். முழுசாகச் சுத்தமாக வேண்டும் என்று யாராவது கவலைப்பட்டது நாளைக்கு வரப்போகும் ஒரே ஆளுக்காக, அதாவது எனக்காக.

அப்போது சிரிப்பு டாக்டர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், இயந்திரத்துக்குள் இருந்த என் கையைப் பார்த்தார்.

"உங்கள வேண்டாம்னுதானே கம்பெனில சொன்னேன்," என்றார்.

நான் சீட்டுக்கட்டை நீட்டினேன். வாங்கத் தயங்கினார், பிறகு விரல் நுனியால் வாங்கினார். நான்கைந்து சீட்டு புரட்டியதும் விரல் நுனி மறந்துபோய்க் கை முழுவதும் வந்துவிட்டது. கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவ்வளவு அழகான விளக்கம். கருவிகளைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம், நூற்றுப் பதினெட்டு டிகிரிச் சூடு என்பது சாதாரணமா, நோய் அவ்வளவு சுலபமாகத் தொற்றிவிடாது, லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது, மக்களுக்கு இதெல்லாம் புரியாது, வீணாகப் பயப்படுவார்கள், பயம்தான் நோயைவிடக் கொடியது என்றார்.

"நூத்துக்கு நூறு சரி டாக்டர்," என்றேன். "போன வாரம் இதே அறைக்குப் பக்கத்து அறையில இதே வார்த்தையத்தான் நான் சொன்னேன். பிராக்டிகலாப் பாக்கணும்னு சொன்னீங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். சிவப்பு டேப் ஒட்டிய பெட்டியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தக் கேஸ் நீங்கதானா?" என்றாள். பிறகு, "உங்களுக்காக உங்களையே கூப்பிட்டிருக்கேன் பாருங்க," என்று தலையில் கைவைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு யோசனை சொன்னார். வளையத்தை மாற்றிவிடுங்கள், இன்று முதல் எல்லாம் சரியாக நடக்கும், பழையதைக் கிளற வேண்டாம். சர்வீஸ் ரிப்போர்ட்டில் வழக்கமான பராமரிப்பு என்று எழுதினால் போதும். நான் பேனாவை எடுத்தேன். ரிப்போர்ட்டுக்கு மூன்று நகல். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று இயந்திரத்தின் ஃபைலுக்கு. வளையம் கிழிந்தது, பத்தொன்பது நாள் சுத்திகரிப்பு முழுமை அடையவில்லை, அந்த நாட்களில் வந்தவர்களுக்குத் தெரிவித்து ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யவும் என்று எழுதினேன்.

"நீங்க இத எழுதுனா, உங்க கம்பெனிக்கு நானும் ஒண்ணு எழுத வேண்டி வரும்," என்றார் டாக்டர். குரலில் இப்போதும் மரியாதை குறையவில்லை.

இதற்காகத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். பயந்தது வந்துவிட்ட பிறகு, பல் பிடுங்கிய இடம் மாதிரி அங்கே ஒரு மரத்துப்போன நிம்மதி. ஒன்றரை வருடம் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டேன். அப்போது யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வளவு மோசமாகியிருக்காது. இந்தப் பத்தொன்பது நாளில் வந்தவர்களில் லட்சத்தில் ஒருவர் இருந்தால், அவருக்குத் தெரிய வேண்டாமா?

போனை எடுத்து மானேஜரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு என்னைப் பற்றிச் சொன்னேன், பதினோரு வருடத்தையும் நான்கு வாக்கியத்தில். எனக்கே ஆச்சரியம், நான் எதையும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்தப் பக்கம் மாத்திரைப் பட்டையைப் பிரிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"மெஷினுக்கு ஒட்டுமா?" என்றார் மானேஜர்.

"ஒட்டாது சார்."

"எனக்கு?"

"ஒட்டாது சார். எப்படின்னா, இந்தக் கிருமி வந்து…"

"விளக்காத. ரிப்போர்ட்ட எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"கையெழுத்து வாங்கு. அந்த வளையம் ஸ்டாக்ல ரெண்டுதான் இருக்கு, பாத்துப் போடு." வைத்துவிட்டார்.

பெரிய மனசு என்று அக்காவிடம் பிறகு சொன்னேன். அடுத்த வாரம் ஆபீஸில் எல்லோருக்கும் பெயர் எழுதின தனித்தனி டீக் கப் வந்தது. பொதுச் சுகாதாரம் என்று மானேஜர் சொன்னார். என் ஒருவனுக்கு மட்டும் தனிக் கப் கொடுத்தால் நான் வருத்தப்படுவேன் என்று பதினாறு பேருக்கும் கொடுத்திருக்கிறார். அதுவும் ஒருவகையில் பெரிய மனசுதான்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். வேறு வழியில்லை. மூன்று நகலிலும் போட்டார், மூன்றாவதில் பேனா காகிதத்தைக் கிழித்தது. நான் புது வளையத்தைப் போட்டு இயந்திரத்தை ஓட்டினேன். நூற்று முப்பத்துநான்கு. மூன்று முறை கத்தியது. நர்ஸுக்கு அந்தச் சத்தமே புதிது. சீட்டு வந்தது, இரண்டு பேரும் படித்தோம். கூடவே அந்த முரட்டு பாக்டீரியா விதைகள் இருக்கும் சின்னக் குப்பி ஒன்றையும் உள்ளே வைத்து ஓட்டி, அது செத்ததா என்று பார்க்க ஒருநாள் வெதுவெதுப்பில் வைத்தோம். அதுவரை யாருக்கும் பல் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் டாக்டர் போனில் உட்கார்ந்திருந்தார் என்று நர்ஸ் சொன்னாள். வருகைப் புத்தகத்தைப் பார்த்து இருநூற்றுச் சொச்சம் பேரைக் கூப்பிட்டு, இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துதருகிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலோர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்களாம். கடைசியில் கூப்பிட்டது டாக்டரின் மாமியாரை. பத்தொன்பதில் ஏழாவது நாள் இரண்டு பல் பிடுங்கிக்கொண்டவர் அவர். அந்த ஒரு போன் மட்டும் நாற்பது நிமிடம் ஓடியது. டாக்டர் பேசியது மூன்று வார்த்தைதானாம். "சரிங்க அத்தை," அவ்வளவுதான்; மூன்றாவது வார்த்தையை மாமியார் முடிக்க விடவில்லை.

என் முறை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. குப்பியில் இருந்த விதைகள் செத்திருந்தன. எனக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர், பின்னால் ஒரு டீச்சர், நடுவில் நான், எல்லோரையும்போல ஒரு பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு. உள்ளே போனதும் என் கண் தானாக அலமாரிக்குப் போனது. சிவப்பு டேப் ஒட்டிய என் பெட்டி எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பதினெட்டுப் பெட்டிகளிலும் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

"சிவப்பு ஒட்டுனாத்தானேண்ணா டாக்டர் சீட்டு கேக்குறாரு," என்றாள் நர்ஸ். "அதான் எல்லாத்துக்கும் ஒட்டிட்டேன்."

நான் பதினான்கு வருடமாக முப்பத்தெட்டு ஆஸ்பத்திரிகளில் படம் போட்டு விளக்கியதை அவள் ஒரு டேப் சுருளில் முடித்துவிட்டாள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

டாக்டர் இரண்டு கையுறை போட்டிருந்தார். ஒன்றுதான் வேண்டும். சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் மாமியார் இன்னும் வீட்டில் இருக்கிறார் போலிருந்தது. விட்டுவிட்டேன். வாயைத் திறக்கச் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டார், என் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பார்த்துத்தான் போட்டார். இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்தார். இருக்கிற கொஞ்ச எச்சிலையும் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டினார். பல் காப்பாற்றக்கூடிய நிலையில்தான் இருக்கிறது, சீழ் வைக்கவில்லை என்றார். கண்ணில் நீர் வந்தது. ஊசியால் என்று நினைத்துக்கொண்டார்.

வேர் சிகிச்சை நேரம் பிடிக்கும். கை வேலையில் இருக்க, டாக்டர் நர்ஸுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். பாரும்மா, இந்த எச்.ஐ.வி. கிருமி இருக்கிறதே, அது ஒரு நோஞ்சான். மஞ்சள் காமாலைக் கிருமிதான் முரடு. ஆட்டோக்ளேவ் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? சூடுதான் முக்கியம், நீராவி எல்லாம் சும்மா கூட வருவது.

நீராவி சும்மா வருவது இல்லை. நீராவிதான் விஷயமே. காய்ந்த சூட்டில் கையை ஒரு நொடி நீட்டலாம், அதே சூட்டு நீராவியில் நீட்ட முடியுமா? நான் விரலைத் தூக்கினேன்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

இல்லை என்று தலையாட்டினேன். மறுபடி விரலைத் தூக்கினேன்.

அவர் இன்னொரு பஞ்சை வைத்து அடைத்தார்.